திரையில் எழுத்தும் உருவும்

தோற்றுவாய்

மாந்தர் வாயாற் கூறும் சொல் கூறிய பொழுதே மறைவது. அதனைக் காலமும் இடமும் கடந்து நிற்கச் செய்வது எழுத்து. கல்லினும் செம்பினும் ஓலையினும் தாளினும் நின்ற நம் எழுத்து, இந்நாளிற் கணினித் திரையின்மேலும் கைப்பேசித் திரையின்மேலும் ஒளியாய் நிற்கின்றது. கல்லூரியிற் சேர விண்ணப்பம் விடுப்பதும், தேர்வின் முடிவை அறிவதும், புகைவண்டிக்குச் சீட்டுப் பெறுவதும், வங்கியிற் பணம் செலுத்துவதும் அத்திரை வாயிலாகவே நிகழ்கின்றன. எழுத்தின் உருவத்தைப் பற்றிய கவலை அச்சுத் தொழிலார்க்கே உரியதாயிருந்த காலம் கழிந்தது. இன்று நிரல் எழுதும் ஒவ்வொருவர்க்கும் அக்கவலை வந்து சேர்ந்துள்ளது.

ஏட்டில் ஓரெழுத்துச் சிதையின் ஒரு சுவடியே கெடும். நிரலில் எழுத்தைப் பிறழக் கையாளும் விதியொன்று புகுமாயின், அந்நிரலைப் பயன்கொள்வார் அனைவர்க்கும் ஒருங்கே கெடும். கோமதி என்னும் பெயருடையாளைக் ‘க’ என்று குறிக்கும் திரைகளும், பெயரின் ஈற்றிலுள்ள புள்ளியை வெட்டிவிடும் பட்டியல்களும், எழுத்திருக்க வேண்டிய இடத்தில் வெறுங் கட்டங்களைக் காட்டும் படிவங்களும் இன்னும் காணப்படுகின்றன. இவை எங்ஙனம் நேர்கின்றன, எங்ஙனம் தவிர்க்கப்படும் என்பவற்றை யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். எழுத்து வேறு, அதன் உரு வேறு என்பதனை உணர்ந்து எழுதப்பட்ட நிரலே தமிழைப் பிழையின்றித் தாங்கும் என்பது எம் துணிபு.

எழுத்தும் வரிவடிவும்

இவ்வேறுபாடு தமிழ் மாணாக்கர்க்குப் புதிதன்று. இலக்கண ஆசிரியர் எழுத்தை ஒலிவடிவு என்றும் வரிவடிவு என்றும் பிரித்துக் காட்டுவர். ஒலி நிலைத்திருக்க, வரி மாறியதற்கு நம் மொழியிலேயே சான்றுகள் பல. எகரமும் ஒகரமும் ஆகிய குறில்கள் முற்காலத்திற் புள்ளி பெற்று நின்றன என்பது தொல்காப்பியத்தால் அறியப்படும். இக்காலத்து அவை புள்ளியின்றி நிற்க, நெடில்களே தம் உருவில் வேறுபாடு கொண்டுள்ளன. இம்மாற்றத்தைச் செய்தவர் வீரமாமுனிவர் என்பர். 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றின் பழைய வடிவங்களை நீக்கி இப்போதைய வடிவங்களை ஏற்றது. அதனால் ‘மலை’ என்னும் சொல் மாறிற்றோ? மாறவில்லை; அதன் உடையே மாறிற்று.

கணினியும் இவ்வாறே இரண்டாகப் பகுத்து நினைக்கின்றது. அதன் நினைவகத்தில் எழுத்தின் படம் இல்லை, எண்ணே உள்ளது. உலக மொழிகளின் எழுத்துக்களுக்கு எண் வகுத்த முறைக்கு யூனிகோடு என்று பெயர். 1991-இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. தமிழுக்கென ஒதுக்கப்பட்ட இடங்கள் 128. அவை 2944 முதல் 3071 வரையுள்ள எண்களாம். அவற்றுட் ககரத்தின் எண் 2965. இவ்வெண்ணைக் குறியெண் என்போம். குறியெண்ணைக் கண்ணுக்குப் புலனாகும் வரியாக்குவது எழுத்துரு. எனவே, பழைய துதிக்கை லையுடன் ஓர் எழுத்துருவும், புதிய லையுடன் மற்றோர் எழுத்துருவும் செய்து வைப்பின், ஒரே கட்டுரையை இரு வடிவினும் படிக்கலாம். கட்டுரையில் ஓர் எண்ணும் மாற வேண்டுவதில்லை.

எழுத்துருவின் இயல்பு

ஈய அச்சுக் காலத்தில் ஓர் எழுத்தின் வடிவமைப்பு ஒன்றாயினும், ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியே அச்சு வார்க்க வேண்டியிருந்தது. வடிவமைப்பு முழுவதும் ஒரு குடும்பம். குறித்த ஓர் அளவிலும் தடிப்பிலும் வார்த்த தொகுதி அக்குடும்பத்தில் ஒருவன். 1984-இல் வெளிவந்த மாக்கின்டாஷ் கணினியிலும் ஏறத்தாழ அந்நிலையே இருந்தது. அதன் எழுத்துக்கள் ஒளிப்புள்ளிகளைக் கட்டங் கட்டமாக அடுக்கிச் செய்யப்பட்டன. அளவுதோறும் வேறு வேறு அடுக்கு வேண்டும். பின்னர்ப் போஸ்ட்ஸ்கிரிப்ட், ட்ரூடைப் என்னும் முறைகள் எழுத்தின் எல்லைக்கோட்டை வளைகோடுகளாக எழுதி வைத்தன. கோட்டை எவ்வளவுக்கும் பெருக்கலாம், சுருக்கலாம். ஆதலின் ஒரு கோப்பே எல்லா அளவுக்கும் போதியதாயிற்று. 2016-இல் அறிவிக்கப்பெற்ற மாறுநிலை எழுத்துருவோ, மெலிவு முதற் றடிப்பு வரையுள்ள எல்லா நிலைகளையும் ஒரே கோப்பில் அடக்கும் ஆற்றலுடையது.

நிரல், ஒரு சொல்லைத் திரையில் இடும்போது நிகழ்வன இவை. முதலாவது, சொல்லின் குறியெண்களுக்கு ஏற்ற எழுத்துரு தேர்ந்தெடுக்கப்படும். இரண்டாவது, அவ்வெழுத்துருவினுள் இருக்கும் அட்டவணைகளைக் கொண்டு இன்ன எண்களுக்கு இன்ன வரிவடிவு என்பது துணியப்படும். மூன்றாவது, அவ்வடிவங்கள் வரிசைப்படுத்தி வரிகளாக மடிக்கப்படும். இறுதியாக, எல்லைக்கோட்டின் உட்பகுதி ஒளிப்புள்ளிகளால் நிரப்பப்படும்.

இவற்றுள் இரண்டாம் படியே தமிழுக்கு உயிர்நிலை. நம் எழுத்து 247 என்பது யாவரும் அறிவர். அவற்றுள் உயிர்மெய் 216-க்கும் யூனிகோடு தனித்தனி எண் வகுக்கவில்லை. மெய்யுருவுக்கு ஓர் எண்ணும், உயிர்க்குறிக்கு ஓர் எண்ணுமே வகுத்தது. ‘கெ’ என்பது நினைவகத்திற் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாக நிற்கும்; திரையிலோ கொம்பு முன்னே வரல் வேண்டும். ‘கொ’ என்பதற்கோ ஒரே குறி இரண்டாகப் பிளந்து, ககரத்தின் இருபுறமும் நிற்றல் வேண்டும். கு, கூ முதலாகத் தமிழ் மெய் பதினெட்டும் உகர ஊகாரங்களோடு கூடிப் பெறும் 36 வடிவங்களும் குறியெண் இல்லாதன. எழுத்துருவின் அட்டவணை வழியாகவே அவை கிடைக்கும். இவ்வேலையைச் செய்யும் கருவிகளுள் ஹார்ஃப்பஸ் என்பது ஒன்று. ஃபயர்பாக்ஸ், குரோம் ஆகிய உலாவிகளும் ஆண்டிராய்டுக் கைப்பேசிகளும் இதனைக் கையாள்கின்றன.

உருவையே எழுத்தெனக் கொண்ட காலம்

யூனிகோடு பரவுமுன் நிகழ்ந்ததை நோக்கின் இவ்வேறுபாட்டின் பயன் விளங்கும். அக்காலத்து எழுத்துருவில் 256 இடங்களே இருந்தன. தமிழ் எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் தத்தமக்கு ஏற்றவாறு அவ்விடங்களில் நம் வரிவடிவங்களை அமர்த்தினர். கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழ் எழுத்து என்பதே இல்லை. இலத்தீன் எழுத்துக்களின் எண்களுக்குத் தமிழ் முகமூடி அணிவித்ததே உண்டு. ஓர் எழுத்துருவில் எழுதிய கட்டுரையை மற்றோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளின் குவியலே தோன்றும்.

இக்குழப்பத்தைத் தீர்க்க 1999-இற் சென்னையிற் கூடிய தமிழிணைய மாநாட்டின் வழியாகத் டாம், டாப் என்னும் பொதுக் குறியீடுகள் வந்தன. விண்டோஸ் 2000 யூனிகோடு வழித் தமிழை ஏற்று, லதா என்னும் எழுத்துருவையும் உடன் தந்தது. 2010-இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோட்டையும், அஃது இயலாவிடத்து டேஸ் 16 என்னும் குறியீட்டையும் தரமாக அறிவித்தது. எனினும், பழைய முறையில் எழுதி வைக்கப்பட்ட கட்டுரைகளை இன்று படிக்க வேண்டின், அவை எந்த எழுத்துருவில் எழுதப்பட்டன என்று தேடியறிந்து யூனிகோட்டுக்கு மாற்றவேண்டியுள்ளது. கரையான் தின்னாமலே சுவடி அழியும் வழி இது. உருவையே எழுத்தென மயங்கியதன் விளைவு இதுவன்றி வேறென்னை?

வெட்டுதலால் வரும் ஏதம்

இனி நிரலெழுதுவோர் செய்யும் பிழைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். முதற் பிழை, குறியெண் ஒன்றை எழுத்து ஒன்றென எண்ணுதல். ‘தமிழ்’ என்பதனை நாம் மூன்றெழுத்து என்போம். ஜாவாஸ்கிரிப்டிலும் பைத்தானிலும் அதன் நீளத்தை வினவினால் ஐந்து என்று விடை வரும். த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்கள் அதில் உள்ளமையின். யூ.டி.எஃப். 8 என்னும் சேமிப்பு முறையில் அஃது 15 பைட்டுகள் கொள்ளும். மூன்றும் ஐந்தும் பதினைந்தும் மூன்று வேறு வினாக்களுக்கு விடைகள். எவ்வினாவிற்கு எவ்விடை என்பதை அறியாதார் இடர்ப்படுவர்.

‘இருபது எழுத்துக்கு மேற்படின் வெட்டுக’ என்று நிரல் பணிக்கும்போது, வெட்டுவாய் ஒரு புள்ளியின் முன்னர் விழலாம். அப்போது ‘பால்’ என்பது ‘பால’ என்றாகும். ‘கல்’ என்பது ‘கல’ என்றாகும். சொல் குறைந்தது என்று படிப்போர் அறியவும் வழியில்லை. வேறொரு சொல்லே அங்கே நிற்கும். பெயரின் முதலெழுத்தை வட்டத்துள் இடும் திரைகளில் முதற் குறியெண்ணை மட்டும் எடுத்தால், கோமதி ‘க’ ஆவாள். சேகர் ‘ச’ ஆவான். மீனா ‘ம’ ஆவாள். எழுத்தெழுத்தாகத் தனித்தனியே வரைய முற்படும் நிரலிலோ, உயிர்க்குறி மெய்யை விட்டுப் பிரிந்து, புள்ளிகளாலான ஒரு வட்டத்தைப் பற்றிக்கொண்டு தனியே நிற்கும்.

இதற்கு மருந்து உண்டு. எவ்வெக் குறியெண்கள் பிரியாது ஒருங்கு நிற்க வேண்டும் என்பதற்கு யூனிகோடு விதி வகுத்துள்ளது. ஸ்விஃப்ட் மொழி அவ்விதிப்படியே எண்ணுதலின், அதிற் ‘தமிழ்’ மூன்றெழுத்தேயாம். ஜாவாஸ்கிரிப்டிற் செக்மெண்டர் என்னும் கருவி அவ்வாறு பிரித்துத் தரும். ஆயினும், அப்பொதுவிதி ‘க்ஷ’ என்பதனைக் ‘க்’ என்றும் ‘ஷ’ என்றும் இரண்டாகவே கொள்ளும் என்பதை மறத்தலாகாது. அத்தகைய இடங்களிற் கருவியை மட்டும் நம்பாது, மொழியறிந்தாரைக் கேட்டலே தக்கது.

அளவால் வரும் ஏதம்

இரண்டாம் பிழை, இலத்தீன் எழுத்தின் அளவைத் தமிழ்மேல் ஏற்றுதல். எழுத்தின் அளவு 16 என்று நிரலிற் கூறுவது எழுத்தின் உயரம் அன்று. ஈய அச்சில் எழுத்தைத் தாங்கிய உடலின் உயரம் போன்றதோர் கற்பனைச் சதுரத்தின் உயரம் அது. அச்சதுரத்துள் எழுத்து எவ்வளவு இடங்கொள்ளும் என்பது எழுத்துருவைச் செய்தவர் விருப்பம். எனவே 16 அளவுள்ள இரண்டு எழுத்துருக்கள் அருகருகே நின்று, ஒன்று பெரிதாயும் மற்றொன்று சிறிதாயும் தோன்றல் இயல்பே.

தமிழில் இகர ஈகாரக் குறிகள் மேலே வளைகின்றன. உகர ஊகாரக் குறிகள் பல கீழே இறங்குகின்றன. வரியின் உயரத்தை எழுத்தின் அளவோடு சமமாக நிறுத்தி, மிகுந்ததை மறைக்கும் கட்டத்துள் இட்டால், ‘பூ’ என்பதன் அடியும் ‘கீ’ என்பதன் தலையும் அறுபடும். எழுத்தளவின் ஒன்றரை மடங்கு வரியுயரம் விடுதல் நன்று. நம் எழுத்துக்கள் பல உயரத்தினும் அகலம் மிக்கன. சொற்களும் விகுதி பெற்று நீளும். ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து செய்த பொத்தானில் ‘அமைப்புகள்’ என்பது அடங்காது. ஆதலின் கட்டத்தின் அகலத்தைச் சொல் தீர்மானித்தல் வேண்டும். சொல்லைக் கட்டம் தீர்மானித்தலாகாது.

சிறிய அளவில் மற்றொரு துன்பமும் உண்டு. ணகரமும் னகரமும் ஒரு சுழியின் மிகுதி குறைவாலேயே வேறுபடுவன. ஒளிப்புள்ளிகள் போதாவிடத்துச் சுழிகள் அடைபட்டு, ‘மணம்’ எது ‘மனம்’ எது என்று கண் தடுமாறும். தடித்த எழுத்துரு கிடையாதபோது உலாவி தானே கோட்டைப் பருமனாக்கிக் காட்டுவதுண்டு. அவ்வாறு செய்தாலும் சுழிகள் அடைபடும். ஆகவே தடித்த வடிவுக்கெனச் செய்யப்பட்ட எழுத்துருவையே உடன் தருதல் வேண்டும். சாய்வெழுத்தும் அவ்வாறே, தமிழில் அதற்குத் தனி மரபின்மையின், நேரெழுத்தைச் சாய்த்துக் காட்டுவதே பெரும்பாலும் நிகழும். ஆங்கிலத்திற் பெரிய எழுத்தால் தலைப்பைச் சிறப்பிக்கும் வழக்கமும் ஈண்டு உதவாது. தமிழில் அப்பாகுபாடே இல்லை. சிறப்பு வேண்டுமிடத்து அளவாலும் தடிப்பாலும் நிறத்தாலும் காட்டுக.

படிப்போர் தமக்கு வேண்டிய அளவைத் தாமே உயர்த்திக்கொள்ள நிரல் இடந்தருதல் வேண்டும். அளவை மாறா எண்ணாக எழுதி வைத்தால், கண்ணொளி குறைந்த முதியோர் தம் உலாவியில் வைத்த பெரிய அளவு வீணாகும். எழுத்தை இருமடங்கு பெருக்கினும் பொருளும் பயனும் கெடாதிருத்தல் வேண்டும் என்றும், சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிமாறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதத்திற் குறையலாகாது என்றும் இணைய அணுகுதற்கான நெறிகள் விதிக்கின்றன.

எழுத்தின் அளவு வாழ்வோடு இயைந்தது என்பதற்கு அச்சு வரலாறே சான்று. 1713-இல் ஜெர்மனி நாட்டு ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்சுக்கள் பெரியனவாயிருந்து, காகிதத்தை மிகுதியும் விழுங்கின. சுவிசேஷங்களை அவற்றால் அச்சிட்டபின், புதிய ஏற்பாட்டின் எஞ்சிய பகுதிக்கெனச் சிறிய அச்சுக்கள் இங்கேயே வார்க்கப்பட்டன. அன்று காகிதம் குறைவு. இன்று கைப்பேசித் திரையில் இடம் குறைவு. அளவுக்கும் தெளிவுக்கும் இடையே நடுவுநிலை காணும் வேலை ஒன்றே.

எழுத்துரு இல்லாவிடத்து நிகழ்வது

மூன்றாம் பிழை, தாம் காணும் எழுத்துரு யாவரிடத்தும் இருக்கும் எனக் கருதுதல். நிரலிற் குறித்த எழுத்துருவில் ஓரெழுத்து இல்லையெனின், கணினி அடுத்த எழுத்துருவைத் தேடும். எங்குமில்லையெனின் வெறுங் கட்டமொன்றை இடும். அக்கட்டத்தைச் சோயாப் பாற்கட்டியின் பெயரால் டோஃபு என்று விளையாட்டாக வழங்குவர். அஃது ஒழிக என்னும் கருத்தினாலேயே கூகிள் நிறுவனம் தன் எழுத்துருத் தொகுதிக்கு நோட்டோ என்று பெயரிட்டது.

எனவே நிரலில் எழுத்துருக்களைப் பட்டியலாகவே எழுதுதல் முறை: முதலில் விரும்பியது, அடுத்துத் தமிழைத் தாங்கும் வேறொன்று, இறுதியிற் பொதுவகை. எழுத்துருவை இணையத்தின் வழி உடனனுப்புதலும் ஆகும். அனுப்புங்காற் கோப்பைச் சிறிதாக்க வேண்டாதனவற்றைக் களைவர். அப்போது குறியெண் உள்ளனவற்றை மட்டும் நிறுத்தி அட்டவணையைக் களைந்தால், முற்கூறிய ‘கு’, ‘கூ’ முதலிய வடிவங்கள் ஒழிந்துபோம். ககரமும் உகரக்குறியும் கூடாமல் தனித்தனியே நிற்கும். களை பறிப்பார் பயிரையும் பறித்தது போலாம் இது.

ஒன்றுபோற் றோன்றும் இரண்டு

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத பிழை. ‘கொ’ என்பதனை ககரமும் ஒகரக்குறியுமாக இரண்டு எண்களாலும் எழுதலாம். ககரம், கொம்பு, கால் என மூன்று எண்களாலும் எழுதலாம். உரு ஒன்றே, எண்கள் வேறு. நிரல் எண்களை மட்டும் ஒப்பிடின், ‘கொன்றை’ என்னும் சொல் ஏட்டில் இருந்தும் இல்லை என்று விடை கூறும். இதற்கென யூனிகோடு வகுத்த இயல்பாக்கம் என்னும் முறையால் இரண்டையும் ஒன்றாக்கிய பின்னரே ஒப்பிடல் வேண்டும்.

இதனினும் கொடியது மற்றொன்று. ‘கௌரி’ என்னும் பெயரில் வரும் ஔகாரக் குறிக்குப் பகரமாகக் கொம்பும் ளகரமும் இட்டுக் ‘கெளரி’ என்று எழுதுவார் பலர். உருவில் வேறுபாடு அறிதல் அரிது; எண்ணிலோ அவை முற்றும் வேறு. இயல்பாக்கமும் இதனைத் தீர்க்காது, ஏனெனின் இது நெறிப்படி வேறு எழுத்தே. ஒருத்தியின் பெயர் சேர்க்கைப் பட்டியலில் ஒருவாறும் தேர்வுப் பட்டியலில் மற்றொருவாறும் ஏறுமாயின், இரண்டும் ஒருத்தியே என்று கணினி அறியாது. உரிய இடத்தில் உரியவள் இல்லாதவளாய்விடுவாள். இத்தகைய பெயர்களை ஏற்கும்போதே நிரல் நோக்கி, இன்னது கருதினீரோ என்று வினவுதல் நன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், எழுத்தை எண்ணுதல், அளத்தல், உடுத்தல், ஒப்பிடுதல் என்னும் நான்கினும் எழுத்து வேறு உரு வேறு என்னும் அறிவே வழிகாட்டி என்பது பெறப்படும். நிரல் முடிந்தபின் அதனைச் சோதித்தற்குச் சில எழுத்துக்களைப் பரிந்துரைக்கின்றோம்: கொ, கோ, கௌ, கு, பூ, டீ, ஞூ, ணை, ஸ்ரீ, க்ஷ. இவற்றைத் திரையில் இட்டு, சிதையாமலும் அறுபடாமலும் நிற்கின்றனவா என நோக்குக. இருமடங்கு பெருக்கி மீண்டும் நோக்குக. வேறொரு கைப்பேசியில் ஒருமுறை நோக்குக. இதற்குச் செல்லும் பொழுது சிறிதே.

நிரல் வல்லார் பலர்க்கு நம் எழுத்தின் இயல்பு தெரிவதில்லை. எழுத்தின் இயல்பறிந்த எம்போன்றார் பலர்க்கு நிரலின் இயல்பு தெரிவதில்லை. இருவர்க்கும் இடையிலுள்ள இவ்வெளியிலேயே எழுத்துச் சிதைகின்றது. நம் கல்லூரியில் இவ்விரு திறத்தாரும் ஒரு கூரையின்கீழ்ப் பயில்கின்றனர். எழுத்ததிகாரம் கற்போர் ஒரு மாலைப் பொழுது கணினிக்கூடத்தின் பக்கம் செல்வாராக. கணினி பயில்வோர் தம் நிரலின் திரையைத் தமிழ் மாணாக்கர் ஒருவர்க்குக் காட்டுவாராக. கோமதி தன் பெயரைத் திரையிற் ‘கோ’ என்றே காண்பதற்கு இவ்வளவு முயற்சியே வேண்டுவது.